பால்கனியும் பூமியின் அச்சும்

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மையத்தின் வளாகத்துக்குள், ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் வானாராய்ச்சி நிலையம் கட்டியபோது, கட்டடத்தை வகுத்துக் கொடுத்த மைக்கேல் டாப்பிங் என்பவர், நட்சத்திரங்களின் ஸ்தானத்தை அளக்கும் கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய தூண் அது. தமிழ் உட்படப் பல பாஷைகளில் அதன்மேல் சாசனம் வெட்டியிருக்கிறது. அளந்த கருவி இன்று அங்கே இல்லை, அளந்தவர்களும் இல்லை. ஆனால் ஒரு பித்தளைக் கருவி மயிரிழையும் அசையாமல் இருப்பதற்கு டன் கணக்கில் கருங்கல் வேண்டும் என்று அக்காலத்து வான சாஸ்திரிகள் ஐயமற அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்தத் தூண் சாட்சியாக நிற்கிறது.

அந்த அறிவு நம் காலத்தில் பின்னுக்குப் போய்விட்டதோ என்று எனக்குக் கவலை உண்டு. ஆகாயத்தைப் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் இன்று நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். அவர்களோடு பேசினால் லென்ஸைப் பற்றியும், காமிராவைப் பற்றியும், தொலைநோக்கியின் விட்டத்தைப் பற்றியும் நுட்பமாகக் கேட்கிறார்கள். மவுண்ட் என்று சொல்லப்படும் தாங்கியைப் பற்றியோ, இவையெல்லாம் வாங்கி முடித்தபின் மிஞ்சும் பணத்தில் எதையாவது வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவில்தான் நினைக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகாயப் படத்துக்குத் தாங்கிதான் பிரதான உபகரணம். அதை விலைக்கு வாங்குவதைவிடத் தன் கையால் செய்துகொள்வது மேல். அதற்கு மலையும் வேண்டாம், மொட்டை மாடியும் வேண்டாம், அடுக்குமாடி வீட்டின் நாலடிப் பால்கனியே போதும்.

தாங்கி ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு விடை நம் காலடியில் இருக்கிறது. பூமி தன் அச்சில் ஒரு முறை சுற்றிவர 23 மணி 56 நிமிடம் 4 வினாடி ஆகிறது. ஆரியபடர் ஒரு யுகத்துக்குப் பூமி எத்தனை முறை சுழல்கிறது என்று சொல்லிய எண்ணையும், அதே யுகத்தின் நாட்கணக்கையும் எடுத்து வகுத்துப் பார்த்தால், இன்றைய அளவோடு வினாடிக்கு வினாடி ஒத்துப்போகும் விடை வருகிறது; தொலைநோக்கி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய அந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. இந்தச் சுழற்சியினால் வானம் வினாடிக்கு 15 விகலை மேற்கே நகர்கிறது. 3600 விகலை சேர்ந்தால்தான் ஒரு பாகை என்பதால் இது அற்பமான நகர்ச்சி என்று தோன்றலாம். ஆனால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய சாதாரணக் காமிராவில் ஒரு புள்ளிக்கு (பிக்சலுக்கு) ஏறத்தாழ 16 விகலைதான் இடம் என்கிறபோது, ஒவ்வொரு வினாடியும் நட்சத்திரம் ஒரு புள்ளியைத் தாண்டிக்கொண்டே போகிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸில் இது நான்கு மடங்காகும். மங்கலான ஒளியைச் சேர்த்துக்கொள்ள நிமிடக்கணக்கில் காமிராவைத் திறந்து வைத்தால், புள்ளியாக விழவேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபட்டு, சேரவேண்டிய ஒளி நெடுகிலும் சிதறிப் போகும். எத்தனை உயர்ந்த லென்ஸானாலும் இதைத் தடுக்க வழியில்லை. பூமி எந்த அச்சில் சுற்றுகிறதோ அதற்கு இணையான அச்சில், அதே வேகத்தில், எதிர்த்திசையில் காமிராவைத் திருப்பிக்கொண்டிருப்பது ஒன்றே உபாயம்.

இந்த உபாயம் புதிதல்ல. 1824-இல் பிரான்ஹோபர் என்ற ஜெர்மானிய நிபுணர் டோர்பாட் நகரத்துக்காகச் செய்து கொடுத்த தொலைநோக்கி, கடிகார யந்திரத்தால் தானே வானத்தைப் பின்தொடர்ந்தது. பின்னால் வந்த தாங்கிகளில் பலவற்றுக்கு அதுவே மூலம். 1880-இல் அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் எடுத்தார். ஆனால் இந்த வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் ஆண்ட்ரூ காமன். அவர் தொழிலால் சுகாதாரப் பொறியாளர். லண்டனை அடுத்த ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை நிறுவி, அவ்வளவு பாரமும் தடையின்றிச் சுழல்வதற்காக அதன் துருவ அச்சைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார். 1883-இல் அவர் எடுத்த ஓரியன் படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. மனிதக் கண் காணாததைப் படம் காணும் என்று உலகம் தெரிந்துகொண்டது ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து. அதைச் சாதித்துக் கொடுத்ததில் அந்த அச்சுக்குப் பெரும் பங்குண்டு.

பாதரசமும் 36 அங்குலமும் நமக்கு வேண்டியதில்லை. 1975-இல் ஜார்ஜ் ஹெய்க் என்பவர் வெளியிட்ட ஓர் எளிய அமைப்பு, நம் ஊர்த் தச்சர் அரை நாளில் செய்துவிடக் கூடியது. ஒரே அளவான இரண்டு பலகைகளை ஓர் ஓரத்தில் கீலால் பிணைத்துவிட வேண்டும். கீழ்ப்பலகை நிலையாக இருக்க, மேற்பலகை புத்தக அட்டையைப் போலத் திறக்கும். அதன்மேல் காமிரா உட்காரும். கீலின் நடுக்கம்பிதான் நமது துருவ அச்சு. அதைப் பூமியின் அச்சுக்கு இணையாக வைத்து, வடக்கு நோக்கி நிற்பவரின் இடப்பக்கத்தில் கீல் இருக்கும்படி அமைத்துக்கொண்டு, கீழ்ப்பலகையில் பதித்த நட்டின் வழியாக ஒரு மரையிட்ட கம்பியைத் திருகித் திருகி மேற்பலகையை உயர்த்தினால், காமிரா நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். எம்-6 என்ற அளவுக் கம்பி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதன் மரை ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறும். கீலின் மையத்திலிருந்து அந்தக் கம்பி நிற்கும் இடத்துக்கு 228.5 மில்லிமீட்டர் தூரம் இருக்குமானால், நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருகினாலே வானத்தின் வேகம் வந்துவிடும்.

இந்த 228.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் தானே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் நேரத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பூமி ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் 1436 நிமிடங்களை வட்டத்தின் சுற்றளவாக, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம், பாவித்துக்கொண்டு அதன் ஆரத்தைக் கண்டால் அந்த எண் வருகிறது. அதாவது, பூமியின் சுழற்சியே ஒரு ப்ளைவுட் பலகையின்மேல் பென்சில் குறியாக இறங்கி உட்காருகிறது. அந்தக் குறியில் துளையிடும்போது ஒரு மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்ற அச்சம் எழுவது இயற்கை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஒரு நிமிடத்தில் அதனால் விளையும் பிழை 4 விகலை, காமிராவின் ஒரு புள்ளியில் கால் பங்கு. வீட்டுத் தச்சு வேலையின் குறைகளை அகன்ற லென்ஸ் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறது. கம்பி நேராகவும் பலகை வட்டத்திலும் செல்வதால் நேரம் ஆக ஆக ஒரு சிறு வேற்றுமை சேரும். பத்து நிமிடம் வரையில் அதை மறந்துவிடலாம், அப்புறம் பலகையை மூடி மீண்டும் தொடங்கலாம்.

கீலைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிரத்தை வேண்டும். கடையில் நின்றபடியே கீலின் இரு இதழ்களையும் பிடித்து, திறக்கும் திசையில் அன்றிக் கம்பியின் நீளவாக்கில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கடகடவென்றாலும் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். பெட்டிகளுக்கும் பியானோக்களுக்கும் போடுகிற நீண்ட கீல் உத்தமம். கம்பியின் மேல்முனையை அரத்தால் உருட்டித் தேய்த்து, அது முட்டும் இடத்தில் மேற்பலகையின் அடியில் ஒரு சிறு எஃகுத் தகட்டை ஒட்டிவிட்டால், மரம் குழிந்துபோகாது. கம்பியின் கீழ்முனையில் ஒரு வட்டத் தகடு, அதில் நான்கு குறிகள், எதிரே வினாடி முள் ஓடும் ஒரு கடிகாரம்: 15 வினாடிக்கு ஒரு குறி வீதம் கையால் திருகியே முதல் படங்களை எடுத்துவிடலாம். மோட்டார் வைக்க விரும்புகிறவர்களுக்கு சென்னை ரிச்சி தெருவில் 28பிஒய்ஜே-48 என்ற 5 வோல்ட் ஸ்டெப்பர் மோட்டாரும் அதை ஓட்டும் ஆர்டுயினோ பலகையும் கிடைக்கும். என்றாலும், முதல் சில இரவுகளாவது கையால் திருகுவதையே நான் சிபாரிசு செய்வேன். பூமி எவ்வளவு நிதானமாக, எவ்வளவு இடைவிடாமல் சுழல்கிறது என்பது விரல்களுக்குத் தெரிய வேண்டும்.

பால்கனிக்கே உரிய சங்கடங்கள் சில உண்டு. பால்கனித் தளம் ஒரு பக்கம் மட்டும் வீட்டோடு பிணைந்து மறுபக்கம் அந்தரத்தில் நிற்பது. ஒருவர் நடந்தால் அது அதிர்வதை நாம் உணர்வதில்லை, படம் உணரும். ஆகவே தாங்கியைக் கைப்பிடிச் சுவரோரம் வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வைத்து, நீண்ட ஒயரின் வழியாகக் காமிராவைத் திறந்துகொண்டு, கையால் திருகும்போது கால் மாற்றாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். முக்காலியை விரிக்க இடமில்லாத இடத்துக்கு, காலியான 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி நடுவே ஒரு ஜி.ஐ. பைப்பை நிறுத்திவிட்டால், 48 கிலோ எடையுள்ள சொந்தத் தூண் ஒன்று நமக்குக் கிடைத்துவிடும்.

அடுத்தது திசை. தெற்குப் பார்த்த பால்கனியில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் தன் வீட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. மறையாவிட்டாலும் சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், புழுதிக்கும் கட்டடங்களுக்கும் நடுவே கிடக்கும். திசைகாட்டியை நம்பலாமென்றால், தளத்துக்குள் ஓடும் முறுக்குக் கம்பிகளும் கிராதியும் முள்ளைத் தம்பக்கம் இழுத்துவிடும். இங்கேதான் நம் முன்னோர் சங்கு நட்டு நிழல் பார்த்த முறை கைகொடுக்கிறது. உச்சி வேளையில் ஒரு தூக்குக்குண்டின் நூல் தரையில் வீழ்த்தும் நிழல் துல்லியமாகத் தெற்கு வடக்காக இருக்கும். அந்த நிழலின்மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். உச்சி வேளை கடிகாரத்தின் 12 மணி என்று எண்ணிவிடக் கூடாது: சென்னையில் நவம்பர் ஆரம்பத்தில் அது 11 மணி 52 நிமிடத்தை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12 மணி 23 நிமிடத்தை ஒட்டியும் வருகிறது. தெற்குப் பால்கனிக்குள் வெயில் நன்றாக விழுவது இந்தக் குளிர்கால மாதங்களில்தான் என்பது ஒரு சௌகரியம்.

பிறகு சாய்வு. அச்சின் வடமுனை ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர்ந்திருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் அடிநீளத்துக்குச் சென்னையில் 7 சென்டிமீட்டர், கன்னியாகுமரியில் 4¼ சென்டிமீட்டர், லண்டனிலோ 37 சென்டிமீட்டருக்கும் மேல். நம் நாட்டில் அச்சு ஏறக்குறையப் படுத்தே இருப்பதால், ஐரோப்பிய அட்சரேகைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட கடைத் தாங்கிகள் சில இங்கே அவ்வளவு தாழ்ந்து கொடுப்பதில்லை. நம் தச்சர் அறுத்துக் கொடுக்கும் ஆப்புக்கட்டைக்கு அந்தச் சிரமமே கிடையாது. ஜவ்வாது மலையில் காவலூரில், வான சாஸ்திரி வைணு பாப்புவின் பெருமுயற்சியால் உருவாகி 1986-இல் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் குதிரைலாட வடிவமான தாங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். தாழ்ந்த அட்சரேகைக்கு அது பொருந்தும் என்பதே காரணம். அந்தக் காவலூரில் 1968-இல் வேலையைத் தொடங்கிவைத்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, விலைக்கு வாங்காமல் அவர்களே செய்துகொண்டது என்பதையும் இங்கே நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

அச்சு சரியாக அமைந்ததா என்பதை நட்சத்திரமே சொல்லும். தெற்கே உச்சத்தை நெருங்கும் ஒரு நட்சத்திரத்தைச் சற்று நேரம் பின்தொடர்ந்தால், அது படத்தில் தெற்கே நழுவுமானால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவுமானால் மேற்கே. ஒரு பாகை பிசகினாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஒரு நிமிடத்தில் ஒரு புள்ளிக்கு மேல் சேதமில்லை.

இத்தனை பிரயாசைக்கும் பின் அந்தச் சிறு பால்கனியிலிருந்து என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, லண்டன்வாசி தன் ஊரில் இருந்துகொண்டு ஆயுள் முழுதும் காண முடியாதவை தெரியும் என்பதே. மேல்வீட்டுத் தளம் தலைக்கு மேலுள்ள வானத்தை மறைக்கட்டும்; தென்வானத்தின் செல்வம் தாழ்ந்த உயரத்தில்தான் இருக்கிறது. பிப்ரவரி இரவு 9 மணிக்கு அகத்திய நட்சத்திரம் 24 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் தொடக்கத்தில் கரினா நெபுலா, மே தொடக்கத்தில் தென் சிலுவை, மே நடுவில் ஒமேகா சென்டாரி என்று ஒன்றன்பின் ஒன்றாக இரவு 10 மணிக்குத் தெற்கே உச்சம் வருகின்றன. அப்புறம் கேட்டையைச் சுமந்துகொண்டு விருச்சிகம் வந்துவிடும். ஒமேகா சென்டாரி கண்ணுக்கு ஒரு மங்கிய நட்சத்திரமாகத் தோன்றுவது. 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட கோளம் அது. 29 பாகை உயரத்தில், தலைக்கு மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றைக் கடந்து அதன் ஒளி வருகிறது என்றாலும், கைத்தாங்கியில் எடுத்த படத்திலேயே அதன் விளிம்பு நட்சத்திரங்களாகப் பிரிவதைக் காணலாம்.

தாழ்ந்த தென்வானத்தில் தேடுவது நமக்குப் புதிதல்ல. முன்சொன்ன நுங்கம்பாக்க நிலையத்தில், நார்மன் போக்சன் தலைவராக இருந்த நாளில், உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். அந்த நட்சத்திரம் சென்னையில் 14 பாகைக்கு மேல் எழுவதில்லை. வீட்டுக் கூரைகளை ஒட்டிய உயரம் அது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கி இந்திய பாஷைகளிலும் பிரசுரம் எழுதி வெளியிட்டவரும் அவரே. அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இப்போது தானே நட்சத்திரத்தைத் தேடி, தானே பின்தொடர்ந்து, தானே படங்களைச் சேர்த்துக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும் சிறு தொலைநோக்கிகள் வந்துவிட்டன. பலகையும் கீலும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவற்றால் விளையும் ஆனந்தத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் படம் மட்டுமே குறிக்கோளென்றால், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றனவே. நாமே எடுப்பதன் பிரயோஜனம், எடுக்கும் வழியில் நாம் அறிந்துகொள்வதில் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் நிகழும் சுழற்சி யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. நகரத்து வெளிச்சத்தைக் காட்டி மனம் தளர்கிறவர்களுக்கும் ஆறுதல் உண்டு. நிமிடம் நிமிடமாக எடுத்த 64 படங்களை அடுக்கிச் சேர்த்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. நட்சத்திரக் கொத்துகள் வெளிச்சத்தை எதிர்த்து நன்றாகவே பதிகின்றன. குடியிருப்போர் சங்கங்கள் வளாக விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் பாதி உபகாரம் செய்தவர்களாவார்கள்.

பள்ளிகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நான் கண்ட சில பள்ளிகளில் நன்கொடையாக வந்த தொலைநோக்கிகள் பீரோவுக்குள் உறங்குகின்றன. அவற்றின் தாங்கி தொட்டால் ஆடுகிறது, ஆடுவதால் ஒன்றும் தெரிவதில்லை, தெரியாததால் யாரும் எடுப்பதில்லை. இன்னொரு தொலைநோக்கி வாங்குவதற்குப் பதிலாக, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு பலகையும், ஒரு கீலும், ஒரு மரைக்கம்பியும் வாங்கிக் கொடுத்து, தச்சர் ஒருவரையும் கணித ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். வட்டத்தின் ஆரமும், கோணத்தின் டான்ஜென்ட்டும், அட்சரேகையும் வெவ்வேறு பாடப்புத்தகங்களிலிருந்து எழுந்து வந்து அந்த மேசையில் சந்திக்கும். தென்வானத்தின் சிறந்த மாதங்களான ஏப்ரல், மேயை ஒட்டியே நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் வருகிறது. தேர்வுகளுக்கு முன்பே தாங்கியைச் செய்து வைத்துக்கொண்டால், வீட்டில் காமிரா உள்ளவர்கள் முறைவைத்து அதை எடுத்துப் போய், ஜூனில் பள்ளி திறக்கும்போது தங்கள் படங்களோடு வரலாம். எந்தப் படத்திலாவது நட்சத்திரம் கோடாக விழுந்திருந்தால், அந்தக் கோட்டின் நீளத்தை அளந்து அச்சு எவ்வளவு பிசகியிருந்தது என்று கரும்பலகையில் கணக்கிடுவதையே அவ்வாண்டின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.